ஆறா, எட்டா

மின்கட்டணம் வந்த உறையின் பின்பக்கம்
இரண்டு பத்தி இழுத்திருக்கிறேன்.
இடப்பக்கம் த்ரியெஸ்தே, வலப்பக்கம் ரியேக்கா.
நடுவில் இரண்டு எல்லை, ஒரு நாடு,
குளிர்சாதனம் ஓயாத ஒரு பஸ்.

இங்கே ஒரு பல்லுக்கு எழுநூற்று ஐம்பது யூரோ.
அங்கே முந்நூற்று இருபது.
பஸ்ஸுக்குப் போக வர இருபத்தாறு, மூன்று தடவை:
அளவெடுக்க, சீவ, ஒட்ட.
ஓர் இரவு தங்க அறுபது, கடல் தெரியாத அறை.
சாப்பாட்டுக்கு எதுவும் எழுதவில்லை,
மரத்துப்போன வாய்க்கு
சூப்பும் வெந்நீரும் ஒன்றுதான்.

போலீஸ் அலுவலகத்துக்கு எதிரே
பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை என்னுடையது.
'வாயை மூடுங்கள், சிரிக்கக் கூடாது'
ஒரு நாளைக்கு நாற்பது தடவை,
முப்பத்தொரு வருஷம்.
ஊரின் சிரிப்பை நிறுத்திச் சம்பாதித்த காசு இது.
போன மார்ச்சில் புது விளக்கைச் சோதிக்க
ஒர்னெல்லா என்னை முக்காலியில் உட்கார வைத்தாள்.
ஏதோ சொன்னாள், சிரித்துவிட்டேன்.
திரையில் பார்த்தேன்:
மேல்வரிசை, தேய்ந்த படிக்கட்டு மாதிரி.
அழித்துவிடு என்றேன்.
அவள் அழித்தாள். நான் அழிக்கவில்லை.

டாக்டர் யாத்ராங்கா
பதினாறு குட்டிப் பற்கள் கோத்த விசிறியை
என் உதட்டருகே பிடித்தார்.
முதல் வெள்ளை, குளியலறை ஓடு.
'அதை வைத்தால் உங்கள் கீழ்வரிசை
ஊருக்கே பல்லிளிக்கும்' என்றார்.
ஆறாவதில் நிறுத்தினோம்.
கெட்டித் தயிர் நிறம், கொஞ்சம் வயசானது.

'இப்போது சிரியுங்கள்.'
சிரித்தேன்.
'இன்னும்.'
சிரித்தேன்.
'அடக்கிச் சிரித்தால் ஆறு பல் தெரிகிறது.
மனம் விட்டால் எட்டு.'

அறுநூற்று நாற்பது யூரோ அந்த வித்தியாசம்.
என்னிடம் இருப்பது இரண்டாயிரத்து நூறு.
ஆறு என்றால் எல்லாம் சேர்த்து
இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு.
பதினைந்து வருஷம் உழைக்குமாம்.
நாளுக்கு முப்பத்தெட்டு சென்ட், கால் காப்பி.
எழுபத்து நான்கு வயதில் மறுபடி இதே உறை.
அதுவரை ஆறு பல் அகலத்துக்குள்
சிரித்துக்கொள்ள முடியாதா?
இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள்,
எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாதா?

அப்போதுதான் அவர் கண்ணாடியைத் தாழ்த்தி
பல் நுனியில் விரலை ஓட்டினார்.
'இரவில் பல்லைக் கடிக்கிறீர்கள்.'

கடிக்காமல்?
மூன்று குளிர்காலம் போரா காற்று ஜன்னலை உலுக்க
ஹீட்டரைத் திருகாமல் படுத்தேன்.
கோட்டுக்குப் புது உள்துணி தைக்கவில்லை.
காப்பிக் கடையைக் கடக்கும்போது
எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினேன்.
அந்த இரண்டாயிரத்து நூறும்
பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்ததுதான், டாக்டர்.

'பீங்கான் அதைத் தாங்காது' என்றார் அமைதியாக.
'ராத்திரிக்கு ஓர் உறை மாட்ட வேண்டும். நூற்று எண்பது.
இன்னொன்று. சீவிய பல் மறுபடி வளராது.
ஒரு மாதம் யோசியுங்கள். முன்பணம் வேண்டாம்.'

திரும்பும் பஸ்ஸில் எல்லையருகே
இளம் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார்.
என் அடையாள அட்டையையும் முகத்தையும்
இரண்டு தடவை பார்த்தார்.
பின் இருக்கையில் யாரோ தும்மியதற்கு
காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்,
டாக்டர் அறையில் தொடங்கியது நிற்கவில்லை.
வாயை மூடினேன்.
உடனே தலையசைத்து அட்டையைத் தந்தார்.
அந்தப் படமும் நான் எடுத்ததுதான்.

இப்போது சமையலறை மேஜை.
வலப்பக்கப் பத்தியில் நூற்று எண்பதைச் சேர்க்கிறேன்.
இடமில்லை. மேலே எழுதுகிறேன்,
பல்லுக்கும் பஸ்ஸுக்கும் மேலே:
ஹீட்டர், நவம்பரிலிருந்து.
அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டதில்
பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
உள்ளே இருக்கும் மின்கட்டணம் தெரிகிறது.
கடைசித் தேதி, இருபத்தேழு.